ரொக்ஸ் கழகத்துக்கு திராய்மடுவில் ஒரு கொப்பி

சனிக்கிழமை விடியப்புறம் 1 மணிக்கு அலாரம் வைத்து எழும்புவேன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் அது வெள்ளி இரவு ஏழரை, ரொக்ஸ் என்ற பாஸ்கட்போல் கழகம் விளையாடத் தொடங்குகிற நேரம். கழகத்தின் பெயர் 2022இல் கலிடோனியா கிளாடியேட்டர்ஸ் என்று மாறிவிட்டது. என் வாயில் வருவது இன்னும் ரொக்ஸ்தான். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, ஆட்டத்தின் புள்ளிகளை எழுதப் பக்கத்தில் சீ.ஆர். கொப்பியை விரித்து, ஒரு சிவப்புப் பேனையும் ஒரு நீலப் பேனையும் எடுத்து வைப்பேன். குசினியில் லைற் எரிவதைக் கண்டு எழும்பி வந்த என் மகன் ஒருநாள் கேட்டான்: "அப்பா, இதை நீங்க எழுதாட்டி என்ன? அங்க கம்பியூட்டர்ல எல்லாம் இருக்கும்தானே?"

இருக்கும்தான். ஆனாலும் நான் ஏன் எழுதுகிறேன் என்று அவனுக்கு அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பாஸ்கட்போல் விளையாடியது குறைவு. உயரம் போதாது, ஓட்டமும் அவ்வளவு இல்லை. 1985இல், எனக்கு 17 வயதில், ஒரு அண்ணன் என்னைப் பிடித்து மேசையில் இருத்தி ஸ்கோர் சீட்டை முன்னால் வைத்தார். அன்றிலிருந்து ஏறத்தாழ 20 வருடம் மட்டக்களப்பில் எங்கே ஆட்டம் நடந்தாலும் மேசையில் நான்தான். ஆட்டக்காரர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரியாது அந்தத் தாளில் எவ்வளவு இருக்கிறது என்று. ஒவ்வொரு கூடைக்கும் ஓடும் புள்ளி வரிசையில் ஒரு சாய்கோடு, பக்கத்தில் போட்டவரின் இலக்கம். ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி எறிதலான ஃப்ரீ த்ரோ என்றால் கறுத்த பொட்டு. வளைகோட்டுக்கு வெளியே நின்று போடும் 3 புள்ளி என்றால் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஆள் ஆளுக்கு ஃபவுல் கட்டம் ஐந்து. ஐந்தாவது நிரம்பினால் அவர் வெளியே. ஆட்டம் முடிந்ததும் கடைசிப் புள்ளிக்குக் கீழே தடிப்பாக இரண்டு கோடு. அந்த இரண்டு கோடும் போட்டு, ரெஃப்ரி கையெழுத்து வைத்த பிறகு, ஆட்டத்தை எவராலும் மாற்ற முடியாது. தாளுக்கு அடியில் காபன் பிரதிகள். மூலம் போட்டியை நடத்துகிறவர்களுக்கு, நிறத் தாள்கள் அணிகளுக்கு.

நான் தொடங்கிய காலத்தில் 20 நிமிடத்தில் இரண்டு பாதி. 10 நிமிடத்தில் நான்கு கால்பகுதி வந்தது 2000இல்தான். 3 புள்ளிகூட சர்வதேச விதியில் 1984இல் சேர்ந்தது. எங்கள் திடலில் 6.25 மீட்டருக்குக் கயிறு பிடித்து வளைகோடு கீறிய அந்தப் பின்னேரம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவன் நான்.

மட்டக்களப்பில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு அமெரிக்காவின் லூசியானா பக்கமிருந்து வந்த இயேசு சபைக் குருமார்தான் காரணம். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகள் காலில் சப்பாத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பந்தைத் தரையில் தட்டக் கற்றுக்கொண்டது அவர்களிடம். வெபர் மைதானத்தின் பெயரில் இன்றும் இருக்கும் பாதர் ஹரல்ட் வெபர் அவர்களில் ஒருவர். பாதர் யூஜின் ஹேபியர் இன்னொருவர். 1923இல் லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர், 1948இல் இங்கே வந்தார். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளை நாடே திரும்பிப் பார்க்கிற அணிகளாக ஆக்கிய பயிற்றுநர். எனக்கு எழுதப் பழக்கிய அண்ணன் அவரிடம் நேரே படித்தவர். "தாள் சுத்தமா இருக்கணும்டா தம்பி, தோத்தவனும் வாசிக்கப் போறான்" என்று அந்த அண்ணன் சொல்வார்.

1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி பாதர் ஹேபியர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோர் வீட்டிலும் சாவு விழுந்த மாதம் அது. இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. அவரோடு ஒரே சபையில் இருந்த பாதர் பென் மில்லர், இந்த மண்ணில் காணாமல் போனவர்களின் விவரங்களைத் தாய்மார் வந்து சொல்லச் சொல்ல எழுதி வைத்தவர். 2019இல் அவரும் போய்விட்டார். எழுதி வைப்பது என்றால் எனக்கு முதலில் மனதில் வருவது அந்த வெள்ளை அங்கிதான். அதற்குப் பக்கத்தில் ஸ்கோர் சீட்டை வைத்துப் பேசக்கூடாது, தெரியும். ஆனால் எழுதுகிற பழக்கத்தின் மரியாதையை நான் அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

சரி, ரொக்ஸுக்கு வருவோம்.

தங்கச்சி கல்யாணம் முடித்து 2002இல் கிளாஸ்கோ போனாள். குடியிருந்தது ரென்ஃப்ரூ என்ற இடத்தில், பிறேஹெட் என்று ஒரு பெரிய கடைத்தொகுதிக்குக் கிட்ட. அந்தத் தொகுதியோடு சேர்ந்தே ஓர் உள்ளரங்கு. அதே வருடம்தான் ரொக்ஸ் கழகமும் அங்கே குடிவந்தது. அதுவரை அவர்கள் எடின்பரோ ரொக்ஸ். 1998இல் தொடங்கி, 1970ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்கென்று கட்டிய மெடோபேங்க் அரங்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறேஹெட்டுக்கு வந்ததும் ஸ்கொட்டிஷ் ரொக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். தங்கச்சி சாமான் வாங்கப் போன இடத்தில் சுவரொட்டியைக் கண்டு, "அண்ணா, இங்க உங்கட விளையாட்டு நடக்குது" என்று தபாலில் எழுதினாள். குளிரில் யாரையும் தெரியாமல் இருந்த காலம் அவளுக்கு. கணவனோடு ஆட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். அவளுக்கு விதிகள் தெரியாது, அரங்கின் சத்தம் பிடித்திருந்தது. கல்லூரித் திடலுக்குப் பக்கத்தால் போகும்போது கேட்கிற அதே சத்தம் என்று எழுதியிருந்தாள்: சப்பாத்து கிரீச்சிடுவது, பந்து பலகையில் படுவது.

2003 வசந்தத்தில் ரொக்ஸ் சம்பியன் ஆனது. இதைச் சரியாக விளங்கிக்கொள்ள பிரிட்டிஷ் முறை தெரிய வேண்டும். பருவம் முழுக்க எல்லோரும் எல்லோரோடும் ஆடி, அட்டவணையில் முதலாவதாக வருகிறவருக்கு லீக் பட்டம். அதற்குப் பிறகு முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளே-ஓஃப். அதன் இறுதியில் வெல்கிறவர் சம்பியன். இவை தவிர கப் ஒன்று, டிரொஃபி ஒன்று. ஆக ஒரே வருடத்தில் நாலு கிண்ணம் இருக்கிறது. ரொக்ஸ் எடுத்தது பிளே-ஓஃப். பயிற்றுநர் கெவின் வோல். இறுதியில் எதிரே நின்றது பிரைட்டன் பெயார்ஸ். தங்கச்சி அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பினாள். இங்கே அப்போது போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்தது, தபால் ஒழுங்காக வந்தது. அந்தத் துண்டை என் தகரப் பெட்டியில், 18 வருடத்து ஸ்கோர் சீட் பிரதிகளுக்கு மேலே வைத்தேன்.

அப்போது எங்கள் வீடு நாவலடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26 காலையில் நாங்கள் கல்லடியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் இருந்தோம். அதனால் இருக்கிறோம். மூன்றாம் நாள் நாவலடிக்குப் போய்ப் பார்த்தபோது சீமெந்துத் தரையும் கிணற்றுக் கட்டும் மட்டும் இருந்தன. அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. பெட்டியைத் தேடவேண்டும் என்ற நினைப்பே பல மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள், தற்காலிகக் கொட்டிலில், முந்தைய ஒரு இறுதியாட்டத்தில் யார் எத்தனை புள்ளி போட்டார் என்று இரண்டு பேர் வாக்குவாதப்பட்டார்கள். தாளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பழக்கதோஷத்தில் எழும்பினேன். எழும்பிய பிறகுதான் பெட்டி போனது மனதுக்கு ஏறியது.

மட்டக்களப்புத் திராய்மடுவில் எங்களுக்கு வீடு தந்த பிறகு தங்கச்சிக்கு எழுதினேன்: ரொக்ஸின் முடிவுகளை ஒன்றும் விடாமல் அனுப்பு, 1998இலிருந்து பழையதும் தேடி அனுப்பு என்று. எங்கள் ஊர் ஆட்டங்களின் தாள்களை என்னால் திரும்ப எழுத முடியாது. ஞாபகத்திலிருந்து எழுதினால் அது கதையாகும், பதிவாகாது. ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது. யாருடையதையாவது எழுத வேண்டும். தங்கச்சியைக் குளிரிலிருந்து காப்பாற்றிய கழகத்துக்கு எழுதலாம் என்று பட்டது.

எழுத எழுதத்தான் அந்தக் கழகத்தின் விதி பிடிபட்டது. ஒரு இடத்தில் இருக்க விடாத விதி. 2008இல் பிறேஹெட்டை விட்டு கெல்வின் ஹோலுக்குப் போனார்கள். 1927இல் திறந்த பெரிய பழைய மண்டபம், நகரின் கலைக்கூடத்துக்கு நேரெதிரே. அப்போது அந்தக் கூரைக்குக் கீழேயே பழைய டிராம் வண்டிகளை வைத்த போக்குவரத்து அருங்காட்சியகமும் இருந்தது. 2009இல் பெயர் கிளாஸ்கோ ரொக்ஸ். 2012இல் எமிரேட்ஸ் அரீனா. 2014 பொதுநலவாயப் போட்டிக்காக, செல்டிக் கால்பந்து மைதானத்துக்கு முன்னால் கட்டியது. அந்தப் போட்டியில் கூடைப்பந்தே சேர்க்கப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சொந்த ஊரில் சொந்த அரங்கு இருந்தும் ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் ஆட முடியவில்லை. 2018இல் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் ஆடியபோது, ஸ்டேர்லிங் ஊர்க்காரரான கீரன் அச்சாரா இருந்த அணி நாலாமிடம் வரை வந்தது. அச்சாரா ரொக்ஸிலும் ஆடியவர். அந்த ஆட்டங்களுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

பிறகு புதிய உரிமையாளர்கள், புதிய பெயர், கடைசியாக நகரத்தை விட்டு ஈஸ்ட் கில்பிரைடுக்குக் குடிபெயர்வு. ஐந்து வீடு, நாலு பெயர். நாவலடி, கொட்டில், திராய்மடு என்று நானும் மாறியவன்தான். கழகத்தைக் கழகமாக வைத்திருப்பது எது என்று சில இரவுகளில் யோசிப்பேன். ஆட்டக்காரர் மாறுகிறார்கள், ஜேர்சி நிறம் மாறுகிறது. வருடா வருடம் தொடர்ந்து வருவது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

அந்தப் பட்டியலில் தோல்விகள் அதிகம். 2006 பிளே-ஓஃப் இறுதி, நியூகாசில் ஈகிள்ஸிடம் தோல்வி. 2007 இறுதி, திரும்பவும் நியூகாசில், திரும்பவும் தோல்வி. கப் இறுதிகளிலும் அதே நியூகாசில் வந்து நிற்கும். 2019 கப் இறுதியில் லண்டன் லயன்ஸ். ஸ்டேர்லிங் டேவிஸ் என்ற அமெரிக்கர் ஆட்டக்காரராக இருந்தபடியே பயிற்றுநராகவும் பொறுப்பெடுத்து வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போனார். அவர் காலத்தில் அணி இறுதி வரை போகும், வாசலில் நிற்கும். லீக் அட்டவணையில் முதலிடம் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. ஸ்கொட்லாந்தில் அதைச் செய்தது கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் என்ற பெயரில் ஆடிய கூடைப்பந்து அணி, 1988-89 பருவத்தில். கால்பந்து ரேஞ்சர்ஸை அப்போதுதான் வாங்கிய டேவிட் மரேயின் பணம் அது. ஒரே பருவம், பட்டத்தைத் தூக்கினார்கள், கலைந்தார்கள். ஒரு தடவை வென்று மறைந்த அணியைவிட, தோற்றுத் தோற்று அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து நிற்கிற அணிமேல்தான் என் மனம் போகிறது. தோல்விகளை நான் சுருக்கி எழுதுவதில்லை. நாலு கால்பகுதியும், ஃபவுலும், எல்லாம் எழுதுவேன். அந்த அண்ணன் சொன்னதுதான்: தோற்றவனும் வாசிக்கப் போகிறான்.

ஸ்கொட்லாந்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடையை ஆணியடித்து இதைத் தொடக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவில் குடியேறிய ஸ்கொட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் அவர் ஆடியது, பாறைமேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் எறிந்து விழுத்துகிற விளையாட்டு. விசையாக நேரே எறிந்தால் கல் தூரப் போய்விடும், மெதுவாக மேலே வளைத்து எறிந்தால் பலன் கூட. மாங்காய்க்குக் கல்லெறிந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வளைவு தெரியும். ஸ்கொட்லாந்தில் பிறந்து, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. வரை போன முதல் ஆள் ரொபர்ட் ஆர்ச்சிபோல்ட். 1980இல் பெய்ஸ்லியில் பிறந்தவர், 2002இல் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அவரைத் தெரிவுசெய்தது. 2020இல் 39 வயதில் காலமானார். செய்தி வந்த இரவு கொப்பியில் அவர் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

என் தங்கச்சி மகள் இப்போது அங்கே ஒரு சின்ன ஊர்க் கழகத்தில் ஆடுகிறாள். தொழில்முறை அணிகளுக்குக் கீழே இப்படி எத்தனையோ கழகங்கள் பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கின்றன. கதவு திறப்பதும் கதிரை அடுக்குவதும் பெற்றோர்தான். 2022இல் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கி ஆறு கிழமை ஆட முடியாமல் போனது. மேசையில் இருக்க ஆள் தேவை என்று அவளை இருத்தியிருக்கிறார்கள். அன்று இரவு அழைப்பு.

"மாமா, ஃப்ரீ த்ரோவுக்குப் பொட்டா, கோடா?"

"பொட்டு மனே. கோடு கூடைக்கு. முதலாம் குவாட்டருக்கு என்ன பேனை எடுத்தீங்க?"

"கறுப்பு."

"சிவப்பு எடுங்க. ரெண்டாவதுக்குத்தான் கறுப்பு."

ஆட்டம் முடிந்து தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வட்டம் விட்டுப்போயிருந்தது, மற்றதெல்லாம் சரி. அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆனால் அந்தத் தாளில் அவள் கை என் கைபோல் இருந்தது, இலக்கங்களைச் சற்று இடப்பக்கம் சாய்த்து.

2023 மார்ச்சில் கிளாடியேட்டர்ஸ் டிரொஃபி இறுதிக்கு வந்தது. செஷயர் ஃபீனிக்ஸ் எதிரே. தங்கச்சி குடும்பத்தோடு போயிருந்தாள். நான் இங்கே குசினியில். வென்றார்கள். 2003க்குப் பிறகு 20 வருடம். கடைசி விசில் ஊதியபோது எனக்கு உடனே கோடு போட வரவில்லை, கை நடுங்கியது. போனில் தங்கச்சி ஒன்றும் பேசாமல் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அழுதது கிண்ணத்துக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் அந்த பிரிட்டிஷ் லீக்கே முடிந்துபோய், சூப்பர் லீக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். கொப்பியில் புதுத் தலைப்புப் போட்டுத் தொடர்கிறேன்.

இந்த மாதம் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன கிழமை திராய்மடு வீட்டுக்கு ஒருவர் வந்தார். 80களின் கடைசியில் ஆடியவர், நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊரைப் பார்க்க வந்திருக்கிறார். பேசி முடித்து எழும்பும்போது பேர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மஞ்சள் காபன் பிரதி. மடிப்பில் கிழிந்து, மை மங்கி. தன் வாழ்க்கையில் அதிகம் புள்ளி போட்ட ஆட்டம் அது என்று எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வைத்திருந்தாராம். அவர் பக்கம் அன்று 4 புள்ளியால் தோற்றது. தாள் முழுக்க என் எழுத்து. அடியில் என் இரண்டு கோடு.

அவர் தாளை வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் கொப்பியில் பார்த்து எழுதிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் இலக்கம் 9. எதிரணியின் 12ஆம் இலக்கக்காரர் பின்னாளில் காணாமல் போனவர்களில் ஒருவர். அவர் அன்று போட்டது 17 புள்ளி. இனி அது எழுத்தில் இருக்கிறது.

80களிலும் 90களிலும் மட்டக்களப்பில் ஆடியவர்கள் யாரிடமாவது இப்படி ஒரு தாள் இருந்தால், அல்பத்துக்குள், பைபிளுக்குள், பழைய பெட்டிக்குள் பாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் போதும், தாள் உங்களிடமே இருக்கட்டும். பெயர் அழிந்திருந்தாலும் பரவாயில்லை. இலக்கம் தெரிந்தால் ஆளை நான் கண்டுபிடிப்பேன்.